பெருவிரல் வலியும் கண்வலிக் கிழங்கும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் கடப்பாக்கம் வரும். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பலருக்கு அது ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்புகிற இடம், அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவே மணல். மணலில் தென்னையும் பனையும் சவுக்கும். கழிகளுக்கு இடையே கிடக்கும் இந்த நிலத்துக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கடப்பாக்கத்தை உள்ளடக்கிய பேரூராட்சிக்கு இன்றைக்கும் அதே பெயர்தான்.

பெயர் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலில் இருந்து ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி ஒரு பாணனுக்கு வழிகாட்டும் 269 அடிப் பாட்டு அது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று வழியில் வரும் ஊர்களையும் அங்கங்கே கிடைக்கும் சாப்பாட்டையும் சொல்லிக்கொண்டே போகிற நத்தத்தனார், வேலூருக்குப் போகும் முல்லை நிலத்தில் கொஞ்சம் நின்று பூக்களைப் பார்க்கிறார். அங்கே காந்தள் குலைகுலையாக, விரித்த கைவிரல்கள் போலப் பூத்திருக்கிறது.

கைவிரல் என்று அவர் கண்ட பூவின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற சத்துதான், கால் பெருவிரல் வீங்கி இரவில் தூங்க முடியாமல் தவிக்கும் கௌட் நோயாளிக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் எழுதித் தரும் கோல்கிசின் மாத்திரை. இதைத் தமிழ்நாடு தெரிந்துகொண்டது நத்தத்தனார் வழியாக அல்ல, நாட்டு வைத்தியர் வழியாகவும் அல்ல. வேறொரு கண்டத்தில் வேறொரு பூவைச் சுற்றி வந்த கதை, கடைசியில் நம் வேலிக்கு வந்து சேர்ந்தது.

செடியை முதலில் பார்த்துவிடலாம். ஐப்பசி மழையில் கடலோரப் புதர்க்காடுகளிலும் வேலிகளிலும் சப்பாத்திக்கள்ளி, காரை, சூரை என்று எதன்மேலாவது தொற்றிக்கொண்டு ஏறும் கொடி இது. ஏறுவதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலை நுனியே நீண்டு, சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். பூவுக்கு ஆறு இதழ். மொட்டில் பச்சை, விரியும்போது அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, வாடும் முன் முழுக்க இரத்தச் சிவப்பு. இதழ்கள் எல்லாம் பின்னால் மடிந்து மேல்நோக்கி நிற்க, மகரந்தத் தாள்கள் கீழே சக்கரக் கால்கள் போல விரிந்து நிற்கும். சூல்தண்டு மட்டும், முழங்கையை மடக்கியது போல அடியிலேயே திரும்பிப் பக்கவாட்டில் நீளும். தன் மகரந்தம் தன்மேல் படாமல் ஒதுங்கிக்கொள்ளும் பூ. இந்த ஒதுக்கத்துக்கு ஒரு கூலி உண்டு; பின்னால் வருகிறது.

மண்ணுக்குள் கிழங்கு கலப்பை வடிவில் கிடக்கும். அதனால் கலப்பைக் கிழங்கு. வடமொழியில் லாங்கலி என்பதும் கலப்பையை வைத்து வந்த பெயரே. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. ஈழத்தில் இந்தப் பெயர்தான் வழக்கு. மலையாளத்தில் மேந்தோன்னி, சிங்களத்தில் நியங்கலா. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று சொல்லிப் பிள்ளைகளை விரட்டியதால் கண்வலிப் பூ. பார்ப்பதால் யாருக்கும் கண் வலிப்பதில்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்ன பாட்டிகள் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். தோண்டியெடுத்தால் ஏதோ வள்ளிக்கிழங்கு போலத் தோன்றும் பொருள் அது. வேகவைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு.

புலவர்கள் இதைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைப்பது செங்காந்தளைத்தான். குறுந்தொகையின் முதற்பாட்டில் தலைவன் கொண்டுவந்த காந்தளைத் தோழி வாங்க மறுக்கிறாள். எங்கள் மலையில் இது கொட்டிக் கிடக்கிறது என்பது அவள் பதில். முருகனுக்குரிய பூ, வெறியாட்டின் பூ, இப்போது தமிழ்நாட்டின் மாநில மலர். இவ்வளவு பாடியவர்களில் கிழங்கின் குணத்தைப் பாடியவர் இல்லை. குணம் வைத்தியர்களின் துறை.

வைத்தியர்கள் இதை நஞ்சுகளின் பட்டியலில் வைத்தார்கள். சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்பது விதி. கிழங்கை வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவிட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவிட்டு, இப்படிப் பல நாள் செய்வார்கள். அப்படியும் பெரும்பாலும் மேற்பூச்சுதான். தேள்கடி, தோல்நோய், மூட்டு வீக்கம் இவற்றுக்கு அரைத்துப் பூசுவது, எண்ணெயில் சேர்ப்பது. பிரசவம் தாமதமானால் கிழங்கை அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பூசும் வழக்கமும் இருந்தது. கருவைக் கலைக்கும் என்ற அச்சமும் இதே கிழங்கின்மேல்தான் இருந்தது. ஆக, வாத வலிக்குக் கிழங்கை அறிந்திருந்தார்கள் என்று சொல்லலாம். கௌட் என்ற ஒரு குறிப்பிட்ட நோயைக் குறிப்பாக அடக்கும் உள்மருந்து என்று அறிந்திருந்தார்கள் என்று சொல்வது மிகை. நம் முன்னோர் எல்லாம் அறிவார் என்கிற மேடைப் பேச்சுக்கு இந்தக் கிழங்கு ஒத்துழைக்காது.

அந்தக் குறிப்பான அறிவு வேறு திசையிலிருந்து வந்தது. கருங்கடலின் கிழக்குக் கரையில் பழைய கிரேக்கர்கள் கோல்கிஸ் என்று அழைத்த நாடு ஒன்று உண்டு. அந்த நாட்டின் பெயரில் கோல்கிகம் என்று ஒரு கிழங்குச் செடி. ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும். இதே இனத்துக் கிழங்கை ஆறாம் நூற்றாண்டில் டிராலஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற மருத்துவர் கௌட்டுக்குக் கொடுத்தார். அரபு, பாரசீக மருத்துவம் அதை சூரிஞ்சான் என்று எடுத்துக்கொண்டது. யுனானி வழியாக இந்தியாவுக்கும் வந்தது. காஷ்மீரத்து மலைச்சரிவுகளில் அந்த இனத்தின் மஞ்சள் பூச்செடி ஒன்று வளர்வதால் ஹகீம்களுக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை.

ஐரோப்பாவில் அது நடுவே மறக்கப்பட்டது. நஞ்சு என்ற பயம் அங்கும் இருந்தது. வியன்னாவில் ஆண்டன் ஃபான் ஸ்டோர்க் என்ற மருத்துவர் 1763-இல் கோல்கிகத்தை மறுபடி எடுத்தார், அதுவும் நீர்க்கோவைக்காக. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1760-இல்தான் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆலம்பரைக் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடப்பாக்கத்தில் நின்றுகொண்டு காலத்தை நினைவில் வைக்க உதவும், அவ்வளவே.

1780-களில் பிரெஞ்சு ராணுவ அதிகாரி நிக்கோலா ஹுஸ்ஸோன் ஒரு இரகசிய மருந்து விற்றார். ‘மருத்துவ நீர்’ என்று அதற்குப் பெயர். குடித்தால் கௌட் வலி பறந்துவிடும், கூடவே பேதியும் பிடுங்கும். அந்நாளில் கௌட் பணக்கார வியாதி. இறைச்சியும் போர்ட் ஒயினும் கொழித்த மேசைகளின் நோய். லண்டனில் அந்த நீரைத் தேடிக் குடித்தவர்களில் ஒருவர் ராயல் சொசைட்டித் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸ்.

இந்தப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். பேங்க்ஸ்தான் சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஐரோப்பாவுக்குக் காட்டிய பெரிய படப் புத்தகத்தின் பொறுப்பாளர். சென்னை மாகாணத்துச் சாமல்கோட்டில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், உள்ளூர் ஓவியர்களை வைத்துச் செடிகளை வரைந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுப்பினார். அவற்றை லண்டனில் தேர்ந்து, 1795 முதல் அச்சில் கொண்டுவரும் பொறுப்பு பேங்க்ஸ் கையில் இருந்தது. சோழமண்டலக் கரைச் செடிகளின் படங்களைப் புரட்டிய அதே கையால், கௌட் வலியில் பிரெஞ்சுக்காரன் நீரைக் குடித்துக்கொண்டிருந்தார் மனிதர். தனக்கு வேண்டிய சத்து அந்தக் கரையின் வேலிகளில் இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஹுஸ்ஸோன் நீரில் இருப்பது கோல்கிகம்தான் என்று 1814-இல் ஜான் வான்ட் என்ற ஆங்கில மருத்துவர் வெளிப்படுத்தினார். 1820-இல் பாரிஸில் பெல்லெட்டியே, கவென்டூ என்ற இருவரும் அதன் சத்தைப் பிரித்தார்கள். அதே ஆண்டில் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்ததும் இதே ஜோடிதான். 1833-இல் ஜெர்மானியர் கைகர் கோல்கிசின் என்று பெயர் வைத்தார்.

இங்கே சென்னையில் என்ன நடந்தது என்பது இதைவிடச் சுவையானது.

திருவல்லிக்கேணி மருந்தகத்தில் முஹையத்தீன் ஷெரீஃப் என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஆங்கில மருத்துவம் படித்தவர், உள்ளூர் மருந்துகளின் பெயர்களைத் தமிழ், தெலுங்கு, உருது என்று மொழிவாரியாகத் தேடித் தொகுத்தவர். இந்திய மருந்துக் கோவைக்கு அவர் எழுதிய துணை நூல் 1869-இல் சென்னையில் வெளிவந்தது. அந்தக் காலத்தில் கலப்பைக் கிழங்கு என்றாலே கொடிய விஷம் என்று எல்லா நூலும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தன. ஷெரீஃப் நம்பவில்லை. கிழங்கைத் தானே தின்று பார்த்தார்! சிறு அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றி, சொல்கிற அளவுக்கு விஷமில்லை, குறைந்த அளவில் உடலைத் தேற்றும், முறைக்காய்ச்சலுக்கு உதவும் என்று எழுதினார். துணிச்சல் பெரிது. முடிவு பாதி தப்பு. அவர் எடுத்த அளவு சிறியது என்பதால்தான் அவர் எழுதுவதற்கு இருந்தார். அந்தச் சிறிய அளவை எடுத்தபோது அவருக்குக் கௌட் இருந்திருந்தால், கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

1880-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வார்டன், கிழங்கிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தார். செடியின் அறிவியல் பெயரான குளோரியோசா சுபர்பாவை வைத்து அதற்கு சுபர்பைன் என்று பெயரிட்டார். அது நரிவெங்காயத்தின் கசப்பை ஒத்தது என்று எண்ணிவிட்டார். பிறகு வார்டனும் டைமாக் என்பவரும், உதகமண்டலத்தில் அரசின் குயினைன் நிபுணராக இருந்த டேவிட் ஹூப்பரும் சேர்ந்து இந்திய மருந்துச் சரக்குகள் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார்கள். கலப்பைக் கிழங்கும் அதில் வருகிறது, சூரிஞ்சானும் வருகிறது. இரண்டும் ஒரே சத்து என்பது மட்டும் வரவில்லை. செடி நூல் எழுதியவர்கள் இரண்டையும் ஒரே பெருங்குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. 1915-இல்தான் கிளூவர், கிரீன், டூட்டின் என்ற மூவர் கலப்பைக் கிழங்கில் இருப்பது கோல்கிசின் என்று லண்டன் வேதியியல் இதழில் நிறுவினார்கள். பாரிஸில் பிரித்து 95 ஆண்டு கழித்து.

கோல்கிசின் செய்யும் வேலை எளிதாகச் சொல்லக்கூடியதே. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தால், மூட்டுக்குள் ஊசி ஊசியாக உப்புப் படிகங்கள் விழும். பெருவிரல் மூட்டு உடம்பின் குளிர்ந்த கோடி என்பதால் பெரும்பாலும் முதலில் அங்கே. வெள்ளணுக்கள் அந்த ஊசிகளை எதிரி என்று நினைத்துப் படையெடுக்கும். வீக்கமும் சூடும் வலியும் அந்தப் படையெடுப்புத்தான். போர்வை நுனி பட்டாலும் அலறும் வலி. அணுக்கள் நகரவும் பிரியவும் உள்ளே நுண்ணிய குழாய்ச் சட்டகம் ஒன்று வேண்டும். கோல்கிசின் அந்தச் சட்டகத்தின் செங்கல்லான டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சட்டகம் எழும்பாது, வெள்ளணு நகராது, வீக்கம் இறங்கும். யூரிக் அமிலம் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க வேறு மாத்திரை வேண்டும்.

அளவு மிஞ்சினால் இதே வேலை உடம்பு முழுக்க நடக்கும். வேகமாகப் பிரியும் அணுக்கள் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அடி விழும். முதலில் குடல், அடுத்து எலும்பு மஜ்ஜை, பிழைத்தவர்களுக்கு முடி. 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு வந்தது: நியங்கலாக் கிழங்கு தின்று பிழைத்த ஒருவருக்கு உடம்பு முழுக்க முடி கொட்டிப்போனது. மாற்று மருந்து என்று கைவசம் எதுவும் கிடையாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், உடம்பு தாக்குப்பிடிக்கும்வரை துணை நிற்பதுதான் சிகிச்சை.

அணுப்பிரிவை நிறுத்தும் குணத்தைத் தாவரக்காரர்கள் வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லியும் ஆவரியும் கோல்கிசின் பட்ட செடிகளில் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பதைக் காட்டினார்கள். ஜப்பானில் கிஹாரா இதை வைத்து விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கினார். கோடையில் சாலையோரம் வெட்டி விற்கிற விதையில்லாத் துண்டுக்குப் பின்னாலும் இந்தச் சத்து இருக்கிறது.

சரக்கு வேண்டும் என்று உலகம் கேட்க ஆரம்பித்ததும், காட்டிலும் வேலியிலும் கிடந்த கிழங்கைத் தோண்டி விற்றார்கள். தோண்டித் தீர்ந்தது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தோட்டப் பயிராயிற்று. கடற்கரையில் பாட்டு பிறந்தாலும் பயிர் ஓங்கியது கொங்குப் பக்கத்து வறண்ட செம்மண்ணில்: மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தயம், அரவக்குறிச்சி. ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கமும் உண்டு. கிழங்கைவிட விதையில் கோல்கிசின் இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்ததால் இப்போது விதைக்காகத்தான் சாகுபடி. கிழங்கு மண்ணிலேயே இருந்து ஆண்டுதோறும் முளைக்கும்.

ஆடியில் நடவு. கிழங்கைக் கையில் எடுப்பவர்கள் நுனியைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கலப்பையின் முனை போன்ற அந்த நுனியில் மட்டுமே முளைக்கண் இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. கொடி ஏறுவதற்கு விராலி, கிளுவை, விடத்தலை என்று காய்ந்த மிளார்களை நட்ட காலம் போய், இப்போது இரும்புக் கம்பிப் பந்தல். கிழங்குக்கும் கம்பிக்கும் முதல் ஆண்டே பெருந்தொகை போடவேண்டியிருக்கும். மழை கூடினால் கிழங்கு அழுகும். உலகமே அஞ்சும் இந்த நஞ்சு இலையைத் தின்று கொழுக்கும் ஒரு புழுவும் உண்டு. ஒரே இரவில் கொடியை மொட்டையாக்கிவிட்டுப் போகும்.

பூக்கும் காலத்தில் வேலை காலையில். முன்பு சொன்ன கூலி இதுதான். சூல்தண்டு ஒதுங்கி நிற்பதால், பூச்சியை நம்பினால் காய்ப்பு குறைவு. ஆகவே வெயில் ஏறும் முன் பெண்கள் வரிசை வரிசையாகப் போய், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து அடுத்த பூவின் சூல்முடியில் தொட்டுவைக்கிறார்கள். ஒவ்வொரு பூவாக, வாரக்கணக்கில். பாரிஸ் வேதியியலாளர் முதல் டியூபுலின் வரை எவ்வளவு அறிவியல் சொன்னாலும், ஒரு மாத்திரையின் தொடக்கம் மூலனூர்த் தோட்டத்தில் ஒருவர் விரல் நுனியில் இருக்கும் மஞ்சள் பொடி. தை, மாசியில் காய் சுருங்கி நிறம் மாறும்போது பறித்து, உலர்த்தி, தோல் வேறு விதை வேறாகப் பிரிப்பார்கள். பவழச் சிவப்பாக உதிரும் விதை காயக் காயப் பழுப்பாகும்.

விலைதான் இந்தப் பயிரின் கண்வலி. விதை சமையலுக்கு ஆகாது, மாட்டுக்கும் ஆகாது, உள்ளூர்ச் சந்தையில் ஒரு கிலோகூட விற்காது. வாங்குகிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய வியாபாரிகள். அவர்களிடமிருந்து சத்து எடுக்கும் நிறுவனங்கள், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும். சில ஆண்டில் கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி நிற்கும், சில ஆண்டில் மூவாயிரத்தைத் தாண்டும். ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று விளைவித்தவருக்கு யாரும் சொல்வதில்லை. மூட்டையைக் கட்டி வைத்து அடுத்த ஆண்டு விலைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. இதே விதையிலிருந்து கிடைக்கும் இன்னொரு பொருளைக் கொண்டு தயோகோல்கிகோசைடு என்ற தசைப்பிடிப்பு மருந்து செய்கிறார்கள். 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை, அதை ஒரு வாரத்துக்கு மேல் விழுங்கத் தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. இப்படி எங்கோ எடுக்கும் முடிவுகளின் அதிர்வு கடைசியில் தாராபுரத்து வரப்பில் வந்து நிற்கும்.

மறுமுனையில் நடந்ததையும் பார்க்கலாம். அமெரிக்காவில் கோல்கிசின் மாத்திரை நெடுங்காலம் முறையான அனுமதி இல்லாமலே, ஒன்று ஏறக்குறைய 9 சென்ட்டுக்கு விற்றது. 2009-இல் யூஆர்எல் ஃபார்மா என்ற நிறுவனம் முறையான சோதனை நடத்தி, கோல்கிரிஸ் என்ற பெயரில் அனுமதி வாங்கித் தனியுரிமையும் பெற்றது. மாத்திரை 4 டாலர் 85 சென்ட் ஆயிற்று. டிராலஸ் அலெக்சாண்டர் காலத்து மருந்துக்கு ஐம்பது மடங்கு விலை! 2012-இல் டகேடா அந்த நிறுவனத்தை 80 கோடி டாலருக்கு வாங்கியது. கண்வலி விதையின் கிலோ விலை அந்தத் தாவலைத் தாவவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் உருப்படியான பலனும் கிடைத்தது. முன்பெல்லாம் வலி நிற்கும்வரை அல்லது பேதி பிடுங்கும்வரை மணிக்கொரு மாத்திரை என்பது வழக்கம். 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே 4.8 கொடுத்த அளவுக்கு வலி குறைகிறது, பேதி பெரிதும் தவிர்கிறது என்பதை 2010-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. ஹுஸ்ஸோன் நீரிலிருந்து தொடர்ந்து வந்த வயிற்றுப்போக்கு, தேவையில்லாத தண்டனையாக இருந்திருக்கிறது.

இப்போது மருந்து பெருவிரலிலிருந்து நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது. மாரடைப்பின் பின்னணியில் இரத்தக்குழாய் வீக்கம் உண்டு என்பதால், தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான ஆய்வில் 5,522 இதய நோயாளிகளிடம் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் 31 சதவீதம் குறைந்தன. 2023 ஜூனில் அமெரிக்கா இதற்கும் அனுமதி தந்தது. 2024-இல் மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் பலன் தெரியவில்லை. வாதம் முடியவில்லை. கொரோனாக் காலத்திலும் பெரிய நம்பிக்கையோடு கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனை நோயாளிகளிடம் பலிக்கவில்லை.

நஞ்சை அளந்து மருந்தாக்கும் தொழில் கடப்பாக்கம் இருக்கும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகத்திலிருந்தும் விரியனிலிருந்தும் விஷம் எடுத்து, மாற்று மருந்து செய்பவர்களுக்குத் தருகிறது. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் மூலிகை வளர்த்து மருந்து செய்கிறது. பாம்பு விஷத்தில் பிடிப்பவருக்கு ஒரு கூட்டுறவு உண்டு, கணக்கு உண்டு, பேரம் பேச ஒரு மேசை உண்டு. கண்வலி விதையில் அப்படியொரு மேசை பலமாக அமையவில்லை என்பதுதான் குறை.

கௌட் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை கடைக்குக் கடை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அளவு மருத்துவர் கையில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் கோல்கிசின் உடம்பில் தேங்கிவிடும். கிழங்குப் பொடி, விதைப்பொடி என்று யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள். மோரில் எத்தனை நாள் ஊறியது என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மூலனூரில் விதை எடுப்பவர்கள் பல ஆண்டாகக் கேட்பது ஆதரவு விலை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் தமிழ்நாட்டின் மாநில மலர் இல்லை.